பேஜார் என்ற வேரியபிள்

குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டர் இருந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் கிளினிக். காலையிலும் மாலையிலும் பல் பிடுங்குவார். மத்தியானம் ஒரு மணிக்குக் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு, கிளினிக்கின் டெலிபோன் ஒயரைக் கழற்றி ஒரு மோடத்தில் செருகுவார். பக்கத்து அறையில் இருந்த கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு மாலை வரை எங்களுக்குச் சொந்தம். இன்டர்நெட் என்ற சொல்லைப் பத்திரிகையில் மட்டும் படித்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்களுக்கு ஆன்லைன் என்றால் அந்தக் கம்ப்யூட்டர்தான். புல்லட்டின் போர்டு என்று அதற்குப் பெயர். நாங்கள் போர்டு என்று சுருக்கிக்கொண்டோம்.

இருந்தது ஒரே லைன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். மற்றவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்து, நம் பதிலை எழுதி வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். டீக்கடையில் கால் மணி நேரத்தில் முடிந்துபோகிற சண்டை போர்டில் இரண்டு வாரம் ஓடும். பதில் எழுத ஒரு நாள் கிடைப்பதால் எல்லோரும் நன்றாக யோசித்துத் திட்டினார்கள். சிலர் அவசரப்பட்டு பன்னிரண்டரைக்கே டயல் செய்துவிடுவார்கள். கிளினிக்கில் உதவிக்கு இருந்த பெண் போனை எடுத்து ஹலோ சொல்ல, இந்தப் பக்கத்திலிருந்து மோடம் அவள் காதில் கீச்சிடும். "மறுபடி அந்த விசில் சார்" என்று அவள் டாக்டரிடம் புகார் சொல்வாளாம்.

சண்டை பெரும்பாலும் கம்ப்யூட்டரை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றித்தான். டாஸ் கட்சி, யூனிக்ஸ் கட்சி, புதிதாக வந்த விண்டோஸ் கட்சி என்று மூன்று. இவர்களுக்கு நடுவில் பல்லாவரத்துக்காரர் ஒருவர் எங்கிருந்தோ லினக்ஸை ஒரு கட்டு ஃபிளாப்பியில் கொண்டுவந்தார். அந்தக் கட்டு தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் மின்சார ரயிலில் பல தடவை போய் வந்தது. யார் வாங்கிப் போட்டாலும் அதில் ஒரு ஃபிளாப்பி கெட்டுப் போயிருக்கும், ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்று. டாக்டருக்கு எந்தக் கட்சியும் இல்லை. அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: எதைத் திட்டுவதானாலும் அதை எத்தனை மாதம் உபயோகித்தீர்கள் என்று முதல் வரியில் எழுத வேண்டும். எழுதாத செய்தியை அழித்துவிடுவார்.

நான் அப்போது தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலை பாட்ச், மாலை பாட்ச் என்று இரண்டு. மத்தியானம் சென்டர் காலியாகக் கிடக்கும். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு மோடத்தைப் போடுவேன். சென்டரை நடத்திய அம்மாள், லோக்கல் கால்தானே என்று ஒன்றும் சொல்ல மாட்டார். போர்டில் எல்லோருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. என்னுடையதைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாரும் கண்டுபிடித்துவிட முடியாது. எல்லோரும் என்னை சார் என்றே எழுதினார்கள். திருத்த வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் புதுச் செய்தி ஒன்று வந்திருந்தது. எழுதியவர் போர்டுக்குப் புதியவர், யூனிக்ஸ் கட்சி. வந்த சில வாரங்களிலேயே நன்றாக வாதாடுபவர் என்று பெயர் வாங்கியிருந்தார். அவர் எழுதியிருந்ததன் சாரம் இது: 'எங்கள் கம்பெனி ஒரு ஷூ தொழிற்சாலையின் சம்பள புரோகிராமைப் பராமரிக்க எடுத்திருக்கிறது. முன்பு எழுதிய மகானுபாவர் யாரென்று தெரியவில்லை. வேரியபிள்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் பார்க்காதீர்கள்.' கணக்கில் வரும் ஒவ்வொரு தொகைக்கும் விவரத்துக்கும் புரோகிராம் எழுதுபவர் வைத்துக்கொள்ளும் பெயர்தான் வேரியபிள். அதற்குக் கீழே ஒரு பட்டியல், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். சம்பளம், பிடித்தம், அரைவெட்டு, லேட்டுவெட்டு. கடைசியில் பேஜார். 'பேஜார் என்று ஒரு வேரியபிள்! தமிழ்நாட்டைத் தவிர எங்கேயாவது இது நடக்குமா?'

அந்த மகானுபாவர் நான்தான்.

சென்டருக்கு வருவதற்கு முன் குரோம்பேட்டையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கடையில் வேலை பார்த்தேன். கடை என்றுதான் சொல்ல வேண்டும், நாங்கள் மொத்தம் ஐந்து பேர். சுற்றியிருந்த தொழிற்சாலைகளுக்குச் சம்பளம், ஸ்டாக் என்று ஃபாக்ஸ்ப்ரோவில் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். முதலாளி ஒரு நாள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார், கடை மூடப்பட்டது. வாடிக்கையாளர்களை வேறு ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. இந்தப் புதியவர் அந்தக் கம்பெனிக்காரர் போலிருக்கிறது.

அந்த ஷூ தொழிற்சாலை பல்லாவரம் பக்கத்தில் இருந்தது. சம்பளக் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக அங்கே டைம் ஆபீஸில் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். தொழிலாளர்களின் நேர அட்டைகளைப் பார்த்துக்கொண்ட கிளார்க் அண்ணா, தாமதமாக வந்தால் பிடிப்பதை லேட்டு வெட்டு என்பார். அரை நாள் கூலி பிடித்தால் அரை வெட்டு. நானும் அப்படியே வைத்துவிட்டேன். அவர் வந்து ஏதாவது கேட்டால் ஸ்கிரீனில் அந்த வரியை உடனே கண்டுபிடிக்க முடிந்தது.

பேஜார் வந்தது இப்படி. தோல் வெட்டும் பிரிவில் மட்டும் நைட் ஷிப்ட் உண்டு. ஒரு நாள் அந்த அட்டைகளை என் முன்னால் போட்டு, "இத பாரும்மா" என்றார் அண்ணா. "நைட்டு பத்து மணிக்கு உள்ள வர்றான், காலைல ஆறு மணிக்கு வெளிய போறான். கம்ப்யூட்டர்ல போட்டா, வர்றதுக்கு முன்னாடியே போய்ட்ட மாதிரி கீது. இன்னா பண்றது? ஒரே பேஜாரு."

ராத்திரி பத்து மணி கம்ப்யூட்டருக்கு இருபத்திரண்டு, அதைவிட ஆறு சின்ன எண். கழித்தால் வேலை செய்த நேரம் மைனஸில் வரும். அப்படி வந்தால் இருபத்து நாலு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளும்படி எழுதினேன். அந்த மாதிரி அட்டைகளுக்கு அடையாளமாக ஒரு வேரியபிள் வேண்டியிருந்தது. அண்ணா சொன்னது காதில் இருந்தது, வைத்தேன்.

போர்டில் அந்தச் செய்தியைப் படித்தபோது முகம் சூடானது நிஜம். ஆனால் நான்தான் எழுதினேன் என்று சொல்லத் தோன்றவில்லை. பெயரை மறைத்துக்கொண்டே சண்டைக்குப் போனேன். 'ஃபாக்ஸ்ப்ரோ எட்டு மாதம் உபயோகித்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பெயருக்குப் பத்து எழுத்துதான் இடம் என்பது தெரிந்திருக்கும். தாமதப் பிடித்தத்துக்குப் பத்து எழுத்துக்குள் ஒரு நல்ல இங்கிலீஷ் பெயர் சொல்லுங்கள்' என்று கேட்டேன்.

மறுநாள் அவர் பதில் இருந்தது. உயிரெழுத்துகளைப் பிடுங்கிப் போட்ட ஒரு பெயர், வாயில் நுழையவில்லை. அதை நான் சுட்டிக்காட்ட, டாஸ் கட்சியில் சிலர் என் பக்கம் சேர்ந்தார்கள். அதற்கு அவர் எழுதிய பதில் நன்றாக இருந்தது, இன்றும் நினைவிருக்கிறது. 'எனக்குத் தமிழ் தெரியும், பிழைத்தேன். எனக்கு அடுத்து இந்த வேலைக்கு ஒரு தெலுங்குக்காரரோ மலையாளியோ வந்தால்? புரோகிராமைக் கம்ப்யூட்டருக்காக எழுதுவதில்லை சார். அடுத்து வரப்போகும் ஆளுக்காக எழுதுகிறோம்.'

அந்தத் தொழிற்சாலையில் தமிழ் தெரியாமல் ஒரு நாளைக்கூடத் தள்ள முடியாது, மொழி தெரியாதவருக்கு அங்கே கணக்கும் புரியாது என்று நான் எழுதினேன். நம் ஆட்கள் வைக்கும் இங்கிலீஷ் பெயர்களில் பாதிக்கு ஸ்பெல்லிங்கே தப்பு என்று ஒருவர் எழுதினார். வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் டாஸையும் கட்டிக்கொண்டு அழட்டும் என்று இன்னொருவர். உடனே பேச்சு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தாவியது. போர்டில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கே போய்த்தான் நிற்கும்.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் புதியவர் வெற்றிச் செய்தி ஒன்று எழுதினார். வேரியபிள் பெயர்கள் அத்தனையையும் இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டாராம், புரோகிராம் இப்போது படிக்கும்படி இருக்கிறதாம். நான் பதில் எழுதவில்லை. அவருடைய புரோகிராம், அவர் மாற்றிக்கொள்கிறார்.

அந்தத் தொழிற்சாலையில் வாரக் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. திங்கட்கிழமை மத்தியானம் நான் போர்டுக்குள் போனபோது அவருடைய செய்தி மேலே நின்றது. இந்தத் தடவை கேலி இல்லை. 'வெட்டும் பிரிவு ஆட்கள் பலருக்குக் கூலி பாதிதான் வந்திருக்கிறது. பழைய புரோகிராமில் சரியாக வந்தது என்கிறார்கள். பேஜார் என்றால் அதை எழுதியவர் என்ன நினைத்தார் என்று யாராவது ஊகித்துச் சொல்ல முடியுமா? அவசரம்.' கீழே அதற்குள் இரண்டு பதில்கள் வந்திருந்தன, இரண்டும் கிண்டல்.

வெட்டும் பிரிவு என்று படித்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேஜைகளுக்கு முன்னால் குனிந்து நின்று வெட்டும் அந்த ஆட்களில் சிலரை எனக்கு முகம் தெரியும். 'அதை எழுதியது நான். ராத்திரி தாண்டி மறுநாள் வெளியே போகிறவர்களின் அடையாளம் அது. சென்டருக்கு போன் செய்யுங்கள்' என்று எழுதி நம்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

லைன் கிடைத்து அவர் அதைப் படிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

"வணக்கமுங்க. சார் இருக்காருங்களா?" என்றார். கோயம்புத்தூர்ப் பேச்சு.

"எந்த சார்?"

"போர்டுல எழுதுவாருங்களே, பல்லாவரம் புரோகிராம்..."

"நான்தான் எழுதினேன்."

"மேடம், நீங்க ஒரு தடவை நேர்ல வர முடியுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சென்டர் அம்மாளிடம் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன். பல்லாவரம் ஸ்டேஷனில் காத்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். கோவிலம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகச் சொன்னார். போர்டில் அத்தனை பேசியவர் நடக்கும் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதமாகத் தினமும் சண்டை போட்ட ஆளிடம் ஊர் எது, என்ன படித்தீர்கள் என்று கேட்பது விசித்திரமாக இருந்தது.

டைம் ஆபீஸ் வாசலில் வெட்டும் பிரிவு ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சத்தம் போடவில்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. கிளார்க் அண்ணா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "இன்னாமா, நல்லா கீறியா? உன் புரோகிராம எல்லாம் தம்பி மாத்திட்டாரு. இப்ப நைட்டு வேல செஞ்ச நாள்லாம் வேலைக்கே வரலன்னு சொல்லுது."

நின்றவர்களில் ஒருவர், நரைத்த மீசை, என்னோடு வந்தவரைப் பார்த்துக் கேட்டார்: "சார், கம்ப்யூட்டரு தப்பு பண்ணிச்சா, நீ பண்ணியா?"

கம்ப்யூட்டர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது அந்தக் காலத்தில் ரொம்ப சுலபம். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். பழைய புரோகிராமில் எதையும் விளக்கி வைக்கவில்லை என்று என் பக்கம் கை காட்டியிருந்தாலும் ஓடியிருக்கும்.

"நான்தானுங்க பண்ணேன்" என்றார் அவர். "இன்னிக்கே சரி பண்ணிக் குடுத்துடறனுங்க."

நரைத்த மீசைக்காரர் தலையை ஆட்டினார். "சரி பண்ணு. நிக்கிறோம்."

உள்ளே போய் உட்கார்ந்தோம். தான் மாற்றிய புரோகிராமைக் கோயம்புத்தூர்க்காரர் திறந்து காட்டினார். உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது. என் புரோகிராமில் வரிகள் எல்லாம் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவர் எந்த வரி எதற்குள் அடக்கம் என்று பார்த்தவுடன் தெரியும்படி உள்தள்ளி எழுதியிருந்தார். பேஜார் இருந்த இடத்தில் 'தப்பான ரெக்கார்டு' என்று பொருள்படும் ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது.

"பேஜார்னா என்னன்னு நினைச்சீங்க?" என்று கேட்டேன்.

"தொல்லைன்னு தெரியுமுங்க. தொல்லை புடிச்ச ரெக்கார்டுன்னா தப்பான ரெக்கார்டாத்தானே இருக்கணும்? தப்பான ரெக்கார்டுக்கு சம்பளம் போடக் கூடாதுங்களே. அதனால இருபத்து நாலு கூட்டற வரிகளை எடுத்துட்டு, அதையெல்லாம் தனியா ஒதுக்கி பிரிண்ட் எடுக்கற மாதிரி மாத்தினேன்."

"அந்த பிரிண்ட்டு இங்கதான் கீது" என்றார் அண்ணா, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கத்தையை எடுத்து. "இன்னாத்துக்குன்னு யாரும் சொல்லல. நான் பாட்டுக்கு வெச்சிகினேன்."

ஒதுக்கும் வரிகளை எடுத்துவிட்டு, இருபத்து நாலு மணி நேரம் கூட்டும் வரிகளைத் திரும்பப் போட்டோம். கூலி சரியாக வந்தது. அண்ணா பழைய அட்டைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு கேஷியரிடம் போனார்.

அதன் பிறகுதான் கோயம்புத்தூர்க்காரருக்குப் பேச்சு வந்தது. "ஏனுங்க மேடம், இதுக்கு நைட் ஷிப்டுன்னே பேர் வெச்சிருக்கலாமுங்களே. நான் தொட்டிருக்கவே மாட்டேன்."

"நைட் ஷிப்ட் மட்டும் இல்லையே. மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்து டபுள் ஷிப்ட் பார்க்கறவங்க காலைல போவாங்க. அவங்களும் இதுலதான் வருவாங்க. நைட் ஷிப்டுன்னு இருந்தா, அவங்க எப்படி இதுக்குள்ள வந்தாங்கன்னு வேற ஒருத்தர் தூக்கியிருப்பார்."

யோசித்தார். "அப்போ ஒரு வரி கமென்ட் எழுதியிருக்கலாமுங்க."

"எழுதியிருக்கலாம்" என்றேன். ஒரு வரி எதற்கு என்று படிப்பவருக்காகப் பக்கத்தில் எழுதி வைக்கும் குறிப்புதான் கமென்ட். நான் அந்த புரோகிராமில் ஒன்றுகூட எழுதவில்லை. அந்தக் கடையில் யாரும் எழுத மாட்டோம். எழுதியவர்தானே எப்போதும் பார்க்கப் போகிறார் என்ற நினைப்பு.

அந்த வேரியபிளுக்கு என்ன பெயர் வைப்பது என்று அங்கேயே உட்கார்ந்து இன்னொரு முறை சண்டை போட்டோம். நேரில் போடும்போது குரல் இவ்வளவு தணிந்து வருமென்று இருவருக்குமே தெரியாது. கடைசியில் மற்ற பெயர்கள் எல்லாம் அவர் வைத்த இங்கிலீஷிலேயே இருந்தன. இது மட்டும் பேஜாராகத் திரும்பியது. அதற்கு மேல் கமென்ட்டாக அவர் இங்கிலீஷில் ஒரு வரியும், நான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் ஒரு வரியும் தட்டினோம். திரும்பி வந்த அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணத்தான எழுதி வெச்சிகினு கீறீங்க?" என்றார். ஆமாம் என்றோம்.

நடந்ததை எல்லாம் அவர் மறுநாள் போர்டில் எழுதினார். தன் தப்பு என்ன என்று வரிசையாக, அலங்காரம் இல்லாமல். நான் பெண் என்பதை மட்டும் எழுதவில்லை, அது என் விருப்பம் என்று விட்டுவிட்டார் போலும். அதைப் படித்துவிட்டு எல்லோரும் ஒரு முடிவுக்கு வருவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. தமிழில் பெயர் வைத்ததால் வந்த வினை என்றது ஒரு பக்கம். தெரியாததை மாற்றியதால் வந்த வினை என்றது இன்னொரு பக்கம். யூனிக்ஸாக இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று ஒருவர் எழுதினார், எப்படி என்று அவர் விளக்கவில்லை. டாக்டர் மட்டும் தன் சட்டத்தோடு இன்னொன்றைச் சேர்த்தார்: மற்றவர் புரோகிராமைக் கேலி செய்கிறவர், தான் எழுதியதில் ஒரு பக்கத்தை முதலில் போட வேண்டும். அதன் பிறகு போர்டில் கேலி வெகுவாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்க்காரரும் நானும் தொடர்ந்து எதிர்க்கட்சிதான். விண்டோஸ் பற்றி, வரியை எத்தனை இடம் உள்தள்ளுவது என்பது பற்றி, எல்லாவற்றிலும். ஆனால் சார் என்று எழுதுவதை நிறுத்திவிட்டார். எப்போதாவது ரயிலில் பார்த்தால் அக்கா என்பார், ஊரிலிருந்து அம்மா அனுப்பிய முறுக்கைக் கொடுப்பார்.

ஓரிரு வருஷத்தில் டாக்டருக்கு மத்தியானமும் நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். போர்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆகி, பிறகு அதுவும் நின்றது. ஆளாளுக்கு இன்டர்நெட் கணக்கு வாங்கிக்கொண்டிருந்த நேரம், யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

கோயம்புத்தூர்க்காரருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் சென்டருக்கு வந்து மாலை பாட்ச் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொன்னேன். பல்லாவரத்துக் கதையைத்தான் சொன்னார். தன்னைத் துளியும் விட்டுக்கொடுக்காமல் சொல்வார் என்று நினைத்திருந்தேன். மாறாக, வாசலில் நின்ற ஆட்களையும் அந்த மீசைக்காரர் கேட்ட கேள்வியையும் அப்படியே சொன்னார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அந்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

முடிந்ததும் முன் பெஞ்சிலிருந்த ஒரு பெண் கை தூக்கினாள். "சார், அப்போ வேரியபிளுக்கு எந்த பாஷையில பேர் வைக்கணும்?"

"இங்கிலீஷ்ல" என்றார் அவர். அதே நேரத்தில் நானும் பதில் சொல்லிவிட்டேன், "தமிழ்ல."

வகுப்பு ஓவென்று சத்தம் போட்டது. அதற்கு மேல் பாடம் நடத்த முடியவில்லை, கலைத்துவிட்டேன். அவர் கீழே போய் மேடவாக்கம் பஸ்ஸுக்கு நின்றார். பஸ் வர நேரமானதால் நானும் கூட நின்று, அந்தக் கேள்வியை இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் பேசினோம்.